குரங்கை விடுங்கள், கம்பியைப் பாருங்கள்

வலுசக்தி அமைச்சருக்கும், அமைச்சின் அதிகாரிகளுக்கும், இலங்கை மின்சார சபையின் ஊடுகடத்தல் (உயர் அழுத்த லைன்களில் மின்சாரம் கொண்டுபோகும்) பிரிவைப் பொறுப்பேற்கும் கம்பனியின் பணிப்பாளர்களுக்கும்,

வணக்கம்.

2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. முற்பகல் பதினொரு மணி தாண்டிச் சில நிமிடங்கள். நல்ல வெயில். அந்த நேரத்தில் பருத்தித்துறை முதல் தெய்வேந்திரமுனை வரை நாடு முழுக்கக் கரன்ட் போனது. பாணந்துறை உபநிலையத்தில் ஒரு குரங்கு மின்மாற்றியைத் தொட்டுவிட்டது என்று அமைச்சர் சொன்னார். உலகம் முழுக்க அது செய்தியாகி, எல்லோரும் சிரித்தார்கள். நாங்களும் சிரித்தோம். அப்புறம் பெப்ரவரி 10, 11ஆம் திகதிகளில் ஒன்றரை மணி நேர மின்வெட்டு வந்தது. நுரைச்சோலை நிலக்கரி மின் நிலையத்தின் மூன்று இயந்திரங்களும் சட்டென்று நின்றதால், அவற்றை மீண்டும் ஓட்டச் சில நாட்கள் தேவைப்பட்டன. சிரிப்பு அதோடு போய்விட்டது.

குரங்கு வந்தது உண்மையாகவே இருக்கட்டும். இலங்கையில் குரங்குக்கா பஞ்சம்? உபநிலையங்களுக்குள் குரங்கும் பாம்பும் அணிலும் நாளைக்கும் வரும். ஒரு உபநிலையத்தில் ஏற்பட்ட கோளாறு அந்த வட்டாரத்தோடு நிற்காமல் ஏன் நாடு முழுவதையும் கவிழ்த்தது என்பதுதான் கேள்வி. இந்த மடல் அதைப் பற்றியது.

இது முதல் தடவையுமல்ல. 2016 மார்ச் 13இல் பியகம உபநிலையத்தில் மின்மாற்றி வெடித்தது, நாடு இருண்டது. 2020 ஓகஸ்ட் 17இல் கெரவலப்பிட்டி உபநிலையத்தில் பராமரிப்பு வேலையின்போது நடந்த ஒரு தவறு, மறுபடி நாடு இருண்டது. 2021 டிசம்பர் 3இலும் 2023 டிசம்பர் 9இலும் கொத்மலை–பியகம 220 கிலோவோல்ட் லைனில் கோளாறு, இரண்டு தடவையும் நாடு முழுக்க மின்தடை. இந்தப் பட்டியலில் எங்கேயும் ‘மின்சாரம் போதவில்லை’ என்ற காரணம் இல்லை. நிலையங்கள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. அவற்றிலிருந்து மின்சாரத்தைக் கொண்டுவரும் பாதையும் அந்தப் பாதையின் சந்திகளும்தான் ஒவ்வொரு முறையும் காலை வாரின.

ஆனால் 2016க்குப் பிறகு நாங்கள் கேட்ட அரசியல் பேச்சுகள் எல்லாம் நிலையங்களைப் பற்றியவை. நிலக்கரியா, இயற்கை வாயுவா, காற்றாலையா, சூரியனா? சம்பூரில் 500 மெகாவொட் நிலக்கரி நிலையம் என்றார்கள், 2016இல் கைவிட்டார்கள். 2025 ஏப்ரலில் அதே சம்பூரில் 120 மெகாவொட் சூரிய மின் நிலையத்துக்கு இந்தியப் பிரதமரை வைத்து அங்குரார்ப்பணம் செய்தார்கள். நிலையம் என்றால் நாடா வெட்டலாம், படம் எடுக்கலாம், கல்லில் பெயர் பொறிக்கலாம். காட்டுக்குள் போகிற 132 கிலோவோல்ட் லைனில் பழைய கம்பியைக் கழற்றிவிட்டுப் புதிய கம்பி போட்டால் எந்த அமைச்சர் அங்கே வந்து நிற்பார்? கோளாறு வந்தால் லைனைத் தானாகத் துண்டிக்க வைக்கும் பாதுகாப்பு ரிலேயின் அளவுகளைச் சரிபார்த்ததற்கு யார் விழா எடுப்பார்கள்? பிரச்சினையின் பாதி இதுதான் என்று எனக்குப் படுகிறது. மீதிப் பாதி பணம், அதற்குப் பிறகு வருகிறேன்.

பெப்ரவரி 9இல் நடந்ததைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டும். நீங்கள் அன்று கொடுத்த விளக்கம் தவறானதல்ல, அரைகுறையானது. ஞாயிறு பகல் என்பதால் மின் தேவை குறைவு, கூரைகளில் சோலார் உற்பத்தி அதிகம், அதனால் வலையமைப்பு பலவீனமாக இருந்தது என்றீர்கள். கேட்டவர்களுக்கு, கூரையில் சோலார் போட்டவன்தான் குற்றவாளி என்பதுபோல விளங்கியது.

நீர்மின் நிலையத்திலும் அனல்மின் நிலையத்திலும் பல தொன் எடையுள்ள இரும்பு சுழல்கிறது. குயவன் கையை எடுத்த பிறகும் சக்கரம் கொஞ்ச நேரம் சுற்றுவதுபோல, எங்கேயாவது ஒரு நிலையம் திடீரென்று விழுந்தாலும் மற்ற நிலையங்களின் அந்தச் சுழற்சி சில விநாடிகளுக்கு வலையமைப்பைத் தாங்கிப் பிடிக்கும். அந்தச் சில விநாடிகளுக்குள் மற்ற இயந்திரங்கள் வேகம் எடுத்து, 50 ஹேர்ட்ஸ் என்ற அதிர்வெண்ணை மீட்டுவிட வேண்டும். சோலார் தகட்டில் சுழல்வது ஒன்றுமில்லை. வெயில் உச்சத்தில் பெரிய இயந்திரங்கள் பலவற்றை நிறுத்தி வைத்திருக்கும்போது, தாங்கிப் பிடிக்கிற அந்தச் சில விநாடிகள் சுருங்கிப் போகின்றன.

இதுவரை சரி. நீங்கள் சொல்லாமல் விட்டது இதற்கு அடுத்த கட்டம். அதிர்வெண் விழுந்தால் சில பிரதேசங்களின் மின்சாரத்தைத் தானாகவே துண்டித்து மிச்ச வலையமைப்பைக் காப்பாற்றும் ஏற்பாடு ஒன்று உண்டு. கூரைகளில் சோலார் இல்லாத காலத்தின் தருக்கம் அது. துண்டித்தால் சுமை குறையும் என்ற நம்பிக்கை. இப்போது நடுப்பகலில், அந்தப் பிரதேசங்களுக்கு மின்சாரம் கொண்டுபோகும் பீடர் லைன்களில் பல, மின்சாரத்தை எடுப்பதற்குப் பதிலாகத் திருப்பி அனுப்பிக்கொண்டிருக்கின்றன. அவற்றைத் துண்டித்தால் சுமையோடு சேர்ந்து உற்பத்தியும் போய்விடும், சில நேரம் நிலைமை இன்னும் மோசமாகும். போதாததற்கு, அதிர்வெண்ணோ மின்னழுத்தமோ கொஞ்சம் ஆடினால் உடனே கழன்றுகொள்ளும்படி அளவு வைக்கப்பட்ட இன்வேர்ட்டர்கள் (சோலார் மின்சாரத்தை வலையமைப்புக்கு ஏற்றபடி மாற்றும் கருவிகள்) ஆயிரக்கணக்கான வீடுகளில் ஒரே நேரத்தில் கழன்றுவிடும். இந்த அளவுகளைக் கூரைச் சொந்தக்காரர் தீர்மானிப்பதில்லை. இணைப்பு விதிகளை எழுதுகிறவர்கள்தான் தீர்மானிக்கிறார்கள். ‘சூரியபல சங்கிராமய’ என்று 2016இல் மக்களைக் கூரையில் ஏறச் சொன்னது அரசாங்கம். இன்று ஆயிரம் மெகாவொட்டுக்கு மேல் கூரைகளில் ஏறியிருக்கிறது. இத்தனை வருடத்தில் விதிகளும் பாதுகாப்பு ஏற்பாடும் அதே வேகத்தில் மாறினவா?

2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில், ஏப்ரல் 13 முதல் 21 வரை, பகல் வேளைகளில் கூரைச் சோலாரை நீங்களே அணைத்துவிடுங்கள் என்று கேட்டுக்கொண்டீர்கள். பலர் கேட்டபடி அணைத்தார்கள். அவசரத்துக்கு அது சரிதான். ஆனால் டொலர் கொடுத்து எண்ணெயும் நிலக்கரியும் வாங்குகிற நாடு, இலவசமாகக் கிடைக்கிற மின்சாரத்தை அணைக்கச் சொல்லி வேண்டுகோள் விடுவது ஒரு மின் கொள்கை ஆகாது. அடுத்த புத்தாண்டிலும் அதற்கு அடுத்ததிலும் இதையே கேட்கப் போகிறீர்களா?

செய்யக்கூடியவை இருக்கின்றன. அவுஸ்திரேலியாவின் தெற்கு மாநிலம் 2016 செப்டம்பர் 28இல் புயலோடு முழுதாக இருண்டது. அங்கேயும் உடனே காற்றாலையைக் குற்றம் சொன்னார்கள். ஆனால் அதோடு நிற்கவில்லை. அடுத்த வருடமே ஹோர்ன்ஸ்டேலில் 100 மெகாவொட் பற்றரி நிலையம் வந்தது. 2021இல் நான்கு ஒத்தியங்கு மின்தேக்கிச் சுழலிகள் பூட்டப்பட்டன. எரிபொருள் எரிக்காமல் வெறுமனே சுழன்று, நான் மேலே சொன்ன அந்தத் தாங்குசக்தியை மட்டும் தருகிற இயந்திரங்கள் அவை. அயர்லாந்து மணிபொயின்ட் என்ற நிலக்கரி நிலைய வளவிலேயே அப்படி ஒன்றை நிறுவியது. இலங்கையில் களனிதிஸ்ஸ போன்ற இடங்களில் வயதான எரிவாயுச் சுழலிகள் கிடக்கின்றன. அவற்றில் எதையாவது இப்படி மாற்ற முடியுமா, எவ்வளவு செலவாகும் என்ற ஆய்வைப் பொதுமக்கள் முன் வையுங்கள். முடியாது என்றால் ஏன் முடியாது என்றும் எழுதுங்கள். பற்றரி வாங்கும்போதும் வெறுமனே மின்சாரம் சேமிப்பதை வாங்காமல், வலையமைப்பின் அதிர்வெண்ணைத் தானே உருவாக்கிப் பிடிக்கக்கூடிய வகையைக் கேள்விப்பத்திரத்தில் கேளுங்கள். பின்னாளில் மாற்றப் போனால் செலவு கூடும்.

ஸ்பெயினையும் ஒருமுறை பாருங்கள். 2025 ஏப்ரல் 28 நடுப்பகலில் ஸ்பெயினும் போர்த்துக்கலும் இருண்டபோது அங்கே கட்டுமீறி ஏறியது மின்னழுத்தம். பகலில் பாரம் குறைந்த நீண்ட லைன்களில் மின்னழுத்தம் ஏறத்தான் செய்யும். வடக்குக்கு வருகிற எங்கள் லைன்கள் நீளமானவை, பாரம் குறைந்தவை. அவற்றின் முனைகளில் அழுத்தத்தை இறக்கி வைக்கும் கருவிகள் போதிய அளவு இருக்கின்றனவா என்று கேட்க ஒரு வடமாகாணத்தானுக்கு உரிமை உண்டு என நினைக்கிறேன்.

வடக்கு என்று வந்துவிட்டதால் சொல்கிறேன். லைன் அறுந்தால் என்ன நடக்கும் என்பது யாழ்ப்பாணத்துக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லாத விடயம். போரில் தேசிய வலையமைப்பிலிருந்து அறுந்துபோன குடாநாடு, போர் முடிந்து சில வருடங்கள் கழித்து வவுனியா–கிளிநொச்சி–சுன்னாகம் லைன் வரும்வரை டீசலிலேயே ஓடியது. மின்சாரம் இருந்த நேரத்தில் அதன் விலை நாட்டிலேயே மிக அதிகம், அதைக் கொழும்பும் சேர்ந்துதான் சுமந்தது. சுன்னாகத்து டீசல் மின் நிலையத்தைச் சுற்றியுள்ள கிணறுகளில் எண்ணெய் கலந்ததாக எழுந்த முறைப்பாடுகளும் அந்தக் காலத்தின் மிச்சம்தான். ஒரு உயர் அழுத்த லைன் என்ன வேலை செய்கிறது என்று கேட்பவர்களை, அது இல்லாத ஊரில் சில வருடம் குடியிருக்க வைக்க வேண்டும்.

இப்போது நிலைமை தலைகீழ். மின்சாரம் வேண்டி நின்ற வடக்கு, மின்சாரம் அனுப்பும் இடமாகிறது. மன்னாரில் 2020 டிசம்பரில் திறந்த தம்பபவனி, 30 காற்றாலைகள், சுமார் 100 மெகாவொட். நல்ல காற்று மே முதல் செப்டெம்பர் வரை, தென்மேற்குப் பருவத்தில். அதே பருவத்தில்தான் மலையகத்தின் மேற்குச் சரிவுகளில் மழை பெய்து காசல்ரீ, மவுசாக்கலை நீர்த்தேக்கங்கள் நிரம்புகின்றன. யோசித்துப் பார்த்தால் இது கொடுப்பினை. மன்னாரில் காற்று அடிக்கும்போது மலையில் தண்ணீரை மிச்சம் பிடிக்கலாம், காற்று அடங்கியதும் திறந்துவிடலாம். ஆனால் மன்னாருக்கும் மலைக்கும் மேல் மாகாணத்துக்கும் இடையே போதிய பாதை இருந்தால்தான் இந்தக் கணக்கு ஓடும். பாதை ஒடுங்கினால், மிச்சம் பிடிக்கவும் முடியாது, அனுப்பவும் முடியாது. காற்றாலையை நிறுத்திவிட்டு அதன் முதலீட்டாளருக்கு நட்டஈடு கொடுப்பதுதான் மிஞ்சும்.

மன்னாரிலும் பூநகரியிலும் 484 மெகாவொட் காற்றாலை கட்ட வந்த அதானி குழுமம் 2025 பெப்ரவரியில் விலகிக்கொண்டது. விலை, வழக்கு, பறவைகள் என்று அதைப் பற்றி நிறையப் பேசியாயிற்று. நான் கவனித்தது வேறொன்று. அந்தத் திட்டத்தோடு மின்கடத்தும் லைன்களும் சேர்த்தே கட்டப்பட இருந்தன. ஒரு தனியார் முதலீட்டாளர் வருவதும் போவதும் நாட்டின் முதுகெலும்பு லைன் எப்போது வரும் என்பதைத் தீர்மானிக்கலாமா? யார் காற்றாலை கட்டினாலும் கட்டாவிட்டாலும், பூநகரிக்கும் மன்னாருக்கும் போகிற பெரிய லைன் அரசின் வேலை, அரசின் திகதி. காற்றாலையை இரண்டு மூன்று வருடத்தில் கட்டி முடித்துவிடலாம். காணி, மரம், காடு, வழக்கு எல்லாம் கடந்து ஒரு லைன் வர அதைவிட வெகு நாள் எடுக்கும். அதனால் லைன்தான் முதலில் தொடங்க வேண்டும். எங்களிடம் எப்போதும் எதிர்த் திசையில் நடக்கிறது: ஒப்பந்தம் முதலில், காற்றாலை இரண்டாவது, லைன் கடைசி.

பணத்துக்கு வருகிறேன். 2022 ஓகஸ்டில் கட்டணத்தை 75 சதவீதம் ஏற்றினீர்கள். 2023 பெப்ரவரியில் இன்னொரு 66 சதவீதம். 2025 ஜனவரியில் 20 சதவீதம் குறைத்தீர்கள், ஜூனில் 15 சதவீதம் ஏற்றினீர்கள். ஏற்றத்தையும் இறக்கத்தையும் பற்றி நாட்டில் பேசாத தேநீர்க்கடை இல்லை. ஆனால் கட்டுகிற ஒவ்வொரு நூறு ரூபாயிலும் எத்தனை ரூபாய் எரிபொருளுக்கு, எத்தனை ரூபாய் பழைய கடனுக்கு, எத்தனை ரூபாய் உயர் அழுத்த லைன்களுக்கும் உபநிலையங்களுக்கும் போகிறது என்பது பட்டியலில் இல்லை. போடுங்கள். கட்டணத்தைக் குறைக்கச் சொல்லி அழுத்தம் வரும்போது முதலில் வெட்டுப்படுவது பராமரிப்பும் பழைய கருவி மாற்றுவதும்தான், ஏனென்றால் அவற்றைத் தள்ளிப்போட்டால் இந்த மாதம் யாருக்கும் தெரியாது. பட்டியலில் அந்த எண் இருந்தால், வெட்டியது தெரிந்துவிடும்.

பெரிய வேலைகளுக்கு ஜப்பான் கடனையும் ஆசிய அபிவிருத்தி வங்கியையும் நம்பியிருக்கிறோம். 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்ததும் ஜப்பான் உதவியில் நடந்த திட்டங்களுக்குப் பணம் நின்றது, 2024 ஜூலையில்தான் மறுபடி வந்தது. இரண்டு வருடம். கடன் வாங்குவதை நான் குறை சொல்லவில்லை, நாற்பது வருடம் உழைக்கிற லைனுக்கு நீண்ட காலக் கடன் பொருத்தமானதுதான். ஆனால் குரங்கு ஏறாமல் தடுக்கும் காப்புறை, உபநிலைய வேலி, லைனுக்குக் கீழே மரம் தறிப்பது, ரிலே பரிசோதனை இவற்றுக்கெல்லாம் டோக்கியோவில் கையெழுத்துத் தேவையில்லை. உள்ளூர்ப் பணத்தில், உள்ளூர் ஆட்களை வைத்து, இந்த வருடமே செய்யலாம். இருக்கிற கோபுரங்களிலேயே அதிக வெப்பம் தாங்கும் கம்பியை மாற்றி, புதிதாகக் காணி எடுக்காமல் கூடுதல் மின்சாரம் அனுப்பும் வேலைக்கும் பெரிய லைன் கட்டுவதைவிடச் செலவும் தகராறும் குறைவு. எந்தெந்த லைன்களில் இது பொருந்தும் என்ற பட்டியல் உங்கள் திட்டமிடல் பிரிவில் இல்லாமல் இருக்காது.

கொத்மலை–பியகம பற்றியும் ஒரு நேரடிக் கேள்வி. ஒரு லைன் போனாலும் மற்றது தாங்க வேண்டும் என்பது திட்டமிடலின் அரிச்சுவடி. ஒரே கோபுர வரிசையில் தொங்கும் இரண்டு மின்சுற்றுகளை (தனித்தனிக் கம்பித் தொகுதிகளை) காகிதத்தில் இரண்டாகக் கணக்கிடலாம். மின்னலும் விழுகிற மரமும் அப்படிக் கணக்குப் பார்ப்பதில்லை. இரண்டு வருட இடைவெளியில் இரண்டு தடவை அதே லைன் நாட்டை இருட்டாக்கியிருக்கிறது. இன்று அந்த லைனில் இரண்டு சுற்றுகளும் ஒரே நொடியில் போனால் நாடு நிற்குமா, விழுமா?

காணி விடயம். 2025 ஓகஸ்டில் மன்னார் மக்கள் காற்றாலைகளுக்கு எதிராக வீதியில் இறங்கினார்கள், ஜனாதிபதி வேலையை ஒரு மாதம் நிறுத்தி வைக்க நேர்ந்தது. நான் காற்றாலைக்கு எதிரானவன் அல்ல, லைனுக்கு நிச்சயமாக எதிரானவன் அல்ல. ஆனாலும் அவர்களுடைய கோபம் எனக்குப் புரிகிறது. கோபுரம் நிற்கும் துண்டு நிலத்துக்கு ஒரு தொகை வரும், அதன் பிறகு அந்தக் கம்பிக்குக் கீழே பனையும் தென்னையும் உயரமாக வளர்க்க முடியாது, வீடு கட்ட முடியாது, காணியை விற்கப் போனால் விலை இறங்கும். மின்சாரம் கொழும்புக்குப் போகும், கட்டணம் எல்லோருக்கும் ஒரே கட்டணம். வரைபடத்தைக் கொழும்பில் முடிவுசெய்துவிட்டு, நில அளவையாளர் முளை அடிக்க வரும்போதுதான் ஊருக்குத் தெரிகிறது என்றால் எந்த ஊரும் எதிர்க்கத்தான் செய்யும். லைனின் போக்கு பென்சில் கோடாக இருக்கும்போதே பிரதேச செயலகத்தில் தமிழில் வையுங்கள். மாற்றுப் பாதைகள் இரண்டையாவது காட்டுங்கள். கோபுரத்துக்கு மட்டும் ஒருமுறை பணம் என்பதை மாற்றி, கம்பி மேலே போகும் காணிக்கும் வருடா வருடம் ஒரு வாடகை கொடுக்க முடியுமா என்று பாருங்கள். முதலில் ஆறு மாதம் கூடும், பின்னால் நீதிமன்றத்தில் போகும் வருடங்கள் மிஞ்சும்.

இந்தியாவோடு கடலடிக் கேபிள் வரும், எல்லாம் சரியாகிவிடும் என்று ஒரு பேச்சு இருக்கிறது. 2025 ஏப்ரலில் அதற்கும் புரிந்துணர்வு ஒப்பந்தம் கைச்சாத்தானது. வந்தால் நல்லது, மேலதிகக் காற்றை விற்கலாம், தட்டுப்பாட்டில் வாங்கலாம். இந்தத் திட்டம் பல வருடமாகப் பேசப்படுகிறது என்பதால் நான் நாள் எண்ணுவதில்லை. எப்படியிருந்தாலும் அந்தக் கேபிள் கரையேறிய பிறகு மின்சாரம் போக வேண்டியது இதே உள்நாட்டு லைன்களால்தான்.

கடைசியாக, நிறுவன மாற்றம். 2024ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கச் சட்டமும் அதற்கு 2025இல் வந்த திருத்தமும் மின்சார சபையைப் பிரித்து, உற்பத்தி, ஊடுகடத்தல், முறைமை இயக்கம், விநியோகம் என்று வெவ்வேறு அரச கம்பனிகளிடம் கொடுக்கின்றன. பிரிப்பது நல்லதா கெட்டதா என்ற வாதத்துக்குள் நான் போகவில்லை. ஒரு பயம் மட்டும் உண்டு. அடுத்த தடவை நாடு இருளும்போது, லைன் எங்களுடையது ஆனால் இயக்கியது அவர்கள், நிலையம் அவர்களுடையது ஆனால் ரிலே இவர்களுடையது என்று நான்கு கம்பனிகளும் விரல் நீட்டும். அப்போது குரங்குகூடத் தேவைப்படாது. யார் எதற்குப் பொறுப்பு என்பதை இப்போதே எழுதி வெளியிடுங்கள். நாடு தழுவிய ஒவ்வொரு மின்தடையின் விசாரணை அறிக்கையும், எந்த நொடியில் எது கழன்றது என்ற வரிசையோடு, மூன்று மொழியிலும் முழுதாக வர வேண்டும். அறிக்கையின் பரிந்துரைகளில் எவை நிறைவேறின, எவை கிடப்பில் கிடக்கின்றன என்பதைப் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு ஆறு மாதத்துக்கு ஒருமுறை கேட்டுப் பதிலை வெளியிட வேண்டும்.

அதோடு ஒரு அட்டவணை. நாட்டிலுள்ள ஒவ்வொரு கிரிட் உபநிலையமும் இன்று எவ்வளவு பாரம் சுமக்கிறது, இன்னும் எத்தனை மெகாவொட் சோலாரையோ காற்றாலையையோ ஏற்கும், அந்த இடத்தை அகலமாக்கும் வேலை எந்த மாதம் தொடங்கி எந்த மாதம் முடியும் என்று. 2030இல் 70 சதவீதம் புதுப்பிக்கத்தக்க மின்சாரம் என்று நாட்டுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறீர்கள். அந்த வாக்கு நிறைவேறுமா என்று பார்க்க எங்களுக்கு வேறு உரைகள் வேண்டாம், இந்த அட்டவணை போதும். அடுத்த மே மாதம் மன்னாரில் காற்று தொடங்குவதற்கு முன் முதலாவது அட்டவணையை வெளியிட்டால் நல்லது.

இப்படிக்கு,
வடமாகாணத்திலிருந்து ஒரு மின் பாவனையாளர்